வாயினுள் வாழும் உலோகம்



மனிதன் உலோகத்தைப் பயன்படுத்தும் இடங்களுள் மிகக் கடுமையானது எது என்று கேட்டால், கடல் நீர் என்பார் சிலர். இரசாயனத் தொழிற்சாலையின் கொப்பரை என்பார் சிலர். அவ்விரண்டுடனும் வைத்து எண்ணத்தக்க மூன்றாவது இடம் ஒன்று நம் ஒவ்வொருவரிடமும் இருக்கிறது. அது நம் வாய். அங்கே நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் ஊறுகிறது. அதில் சோடியம், பொட்டாசியம், குளோரைடு, பாஸ்பேட்டு, பைகார்பனேட்டு ஆகிய உப்புக்கள் எல்லாம் உண்டு. காலையில் கொதிக்கக் கொதிக்கக் காப்பி. பகலில் புளிக்குழம்பும் எலுமிச்சை ஊறுகாயும். உண்டபின் வெற்றிலையோடு காரமான சுண்ணாம்பு. மாலையில் பனிக்கட்டி இட்ட சர்பத்து. இனிப்புத் துண்டு ஒன்றைத் தின்ற சில நிமிடங்களுக்குள் பல்லிடுக்கில் வாழும் கிருமிகள் அச்சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றிவிடுகின்றன. இவற்றுக்கெல்லாம் மேலாக, தாடைகள் இடும் ஓயாத அழுத்தமும் உராய்வும் இருக்கின்றன.

புளி வைத்த பித்தளைப் பாத்திரம் ஓர் இரவில் களிம்பு பிடிப்பதை நம் வீட்டுப் பெண்கள் அறிவார்கள். அதற்காகத்தானே ஈயம் பூசுவோரை வாசலில் அழைத்து உட்கார்த்தி வைத்தார்கள்! அப்படியிருக்க, அகற்ற இயலாதபடி தாடையெலும்பில் திருகி வைத்த உலோகம் முப்பது நாற்பது ஆண்டுகள் களிம்பேறாமல் நிற்பது எவ்வாறு? இன்றைய உரையில் அந்த வரலாற்றைச் சொல்ல முயல்கிறேன்.

தொடங்குமுன் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். மொழிபெயர்ப்பு என் தொழிலாதலால் இந்தச் சபலத்தை நேயர்கள் பொறுத்தருள்க. சுற்றுப்புறத்தால் உலோகம் சிறிது சிறிதாகத் தின்னப்படுவதை இந்தியில் ‘சங்க்ஷாரண்’ என்று எழுதுகிறோம். தமிழில் ‘அரிப்பு’ என்று எழுதினால் தோல் நோய் நினைவுக்கு வந்துவிடும். ‘துரு’ என்பது இரும்புக்கே உரியது. ‘களிம்பு’ செம்புக்கு உரியது. ஆகவே ‘அரிமானம்’ என்ற சொல்லையே நான் கையாளுகிறேன். கரையானும் அரிக்கிறது, ஆறும் கரையை அரிக்கிறது. வெளியில் தெரியாமல், மெல்ல, விடாமல் நடக்கும் செயல் அது. சொல் பொருத்தமாகவே அமைந்திருக்கிறது.

வாயில் உலோகத்துக்கு நேரும் மாறுதலை முதன்முதல் எழுத்தில் பதிவு செய்தவர்களுள் ஒருவர் பல் மருத்துவர் அல்லர், தத்துவ நூலாசிரியர். ஸ்விட்சர்லாந்தில் விண்டர்டூர் என்னும் ஊரிற் பிறந்து பெர்லினில் வாழ்ந்த யோஹான் கியோர்க் சுல்சர் என்பவர், 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு காரீயத் துண்டையும் ஒரு வெள்ளித் துண்டையும் நுனி தொடும்படி சேர்த்து நாவின் மேல் வைத்துப் பார்த்தார். தனித்தனியே வைத்தபோது சுவை ஒன்றும் இல்லை. சேர்த்து வைத்ததும் அன்னபேதி உப்பைப் போன்ற சுவை நாவில் தோன்றியது. அதன் காரணம் அவருக்கு விளங்கவில்லை. உலோகத்தின் துகள்கள் அதிர்வதால் நாவின் நரம்புகள் கிளர்ச்சியுறுகின்றன என்று எண்ணினார். ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்குப் பின் இத்தாலியரான வோல்ட்டா, வெள்ளி நாணயத்தையும் வெள்ளீயத் தகட்டையும் அவ்வாறே நாவில் வைத்து, அங்கே பாய்வது மின்சாரம் என்று கண்டார். 1800இல் அவர் வெளியிட்ட மின்கல அடுக்குக்கு வழி காட்டியவற்றுள் நாவும் ஒன்று. இரண்டு வேறு உலோகங்கள், இடையே உப்பு நீர்: மின்கலம் ஆவதற்கு இவை போதும். வாயில் இவை மூன்றும் எப்போதும் தயாராக இருக்கின்றன.

பல்லில் இரசக்கலவை அடைத்துக்கொண்டவர்கள் சாக்லேட்டுச் சுற்றிய அலுமினியத் தாளைத் தவறிக் கடித்தபோது, ஊசியாற் குத்தியது போன்ற வலியை உணர்ந்திருப்பார்கள். அது சுல்சரின் சோதனையே. நாவுக்குப் பதில் பல்லின் நரம்பு விடை சொல்கிறது.

பழங்காலத்தார் இந்த வம்புக்கு இடம் கொடாமல் பொன்னையே நாடினர். இத்தாலியில் வாழ்ந்த எட்ரஸ்கர்கள் பொற்பட்டையால் பற்களைக் கட்டினர். பொன் எதனோடும் எளிதிற் சேராத உலோகம். அதன் பிறவிக்குணமே அதற்குக் காவல். ஆனால் பொன்னை வாயில் வைக்கும் வசதி எத்தனை பேருக்கு இருந்தது? 1833இல் கிராக்கூர் என்ற குடும்பத்தார் நியூயார்க் நகருக்கு வந்து, வெள்ளி நாணயத்தை அராவிய தூளைப் பாதரசத்தோடு பிசைந்து, ‘அரச கனிமம்’ என்னும் பொருள்படும் ஆடம்பரப் பெயர் சூட்டி, மலிவாகப் பல் அடைக்கத் தொடங்கினர். பொன் வைத்துத் தொழில் செய்தோர் கொதித்தெழுந்தனர். 1840இல் தோன்றிய அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம், இரசக்கலவையைத் தொடுவதில்லை என்று உறுதிமொழி எழுதி வாங்கியது. எழுத மறுத்தவர்களை விலக்கியது. ‘இரசக்கலவைப் போர்’ என்றே வரலாற்றில் அது பெயர் பெற்றது. அந்தப் போரில் 1856ஆம் ஆண்டுக்குள் சங்கமே கலைந்து போயிற்று, இரசக்கலவை நிலைத்துவிட்டது.

அந்தச் சண்டையில் பாதரசத்தின் நஞ்சைப் பற்றிப் பேசியவர்கள் முற்றும் தவறாகப் பேசவில்லை என்பதை இன்று ஒப்புக்கொள்ளவேண்டும். ஆனால் வாயில் அக்கலவை எவ்வாறு அரிமானம் அடைகிறது என்பதை அவர்களுள் எவரும் ஆராயவில்லை. வெள்ளீயமும் பாதரசமும் சேர்ந்து உண்டாகும் ஒரு பகுதியே அக்கலவையில் மிக நலிந்தது என்பதும், செம்பை மிகுத்தால் அப்பகுதி பெரும்பாலும் தோன்றுவதில்லை என்பதும் 1960களில்தான் பயனுக்கு வந்தன. 2013இல் மினமாட்டா ஒப்பந்தம் பாதரசத்தின் உபயோகத்தை எங்கும் குறைக்க வழி வகுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 முதல் இரசக்கலவை அடைப்பை, மருத்துவத் தேவை நேரும் சில நிலைகள் தவிர, நிறுத்திவிட்டது.

பொன்னைப் போலப் பிறவியிலேயே மந்தமாக இராமல், தன் மேனியில் தானே ஒரு போர்வை நெய்து காத்துக்கொள்ளும் உலோகம் உண்டு என்ற கருத்து வேறு ஒரு திசையிலிருந்து வந்தது. நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் இரும்பு பொங்கிக் கரையும். அடர்ந்த நைட்ரிக் அமிலத்தில் அதே இரும்பு அசையாமற் கிடக்கும். பின்னர் எடுத்து நீர்த்த அமிலத்தில் இட்டாலும் சில வேளைகளிற் கரைவதில்லை. 1790இல் ஜேம்ஸ் கீர் கண்ட இந்த விந்தையை, 1836இல் பாசல் நகரத்துப் பேராசிரியர் ஷூன்பைன் மீண்டும் ஆராய்ந்து லண்டனிலிருந்த மைக்கேல் ஃபாரடேக்குக் கடிதம் எழுதினார். இரும்பின் மேற்பரப்பில் பிராணவாயு சேர்ந்த, கண்ணுக்குப் புலனாகாத ஓர் ஆடை உண்டாகியிருக்கவேண்டும் என்பது ஃபாரடேயின் ஊகம். கண்ணுக்குத் தெரியாததைப் பற்றிய ஊகமாதலால் 90 ஆண்டுகள் வாதம் ஓயவில்லை. கேம்பிரிட்ஜில் யூ. ஆர். எவன்ஸ் என்பவர் உள்ளிருக்கும் இரும்பை மட்டும் கரைத்தெடுத்து அந்த ஆடையைத் தனியே பிரித்துக் காட்டியது 1927இல்தான்.

இந்த நிலையைத் தமிழிற் ‘செயலறு நிலை’ என்கிறார்கள். நூல்களில் நிலைபெற்றுவிட்ட சொல்லாயினும், என் மனம் அதற்கு இசைவதில்லை. செயலற்றா இருக்கிறது அந்த மேற்பரப்பு? கீறினால் உடனே ஆறும் தோலைப் போல, கணந்தோறும் வேலை செய்துகொண்டிருக்கிறது. ‘காப்புநிலை’ என்று நான் எழுதிய பக்கங்கள் திருத்தப்பட்டுத் திரும்பி வந்திருக்கின்றன. ஆயினும் இந்த உரையிலேனும் அச்சொல்லை வைத்துக்கொள்கிறேன்.

தில்லியில் வாழும் நேயர்கள் இதற்கு வேறெங்கும் உதாரணம் தேடவேண்டா. மெஹ்ரோலியில் நிற்கும் இரும்புத்தூண் குப்தர் காலத்தது. ஏறத்தாழ 1,600 ஆண்டுகளாக மழையிலும் வெயிலிலும் நிற்கிறது. அதன் இரும்பில் எரியம் என்னும் பாஸ்பரஸ் மிகுந்திருப்பதால் மேற்பரப்பில் இரும்புப் பாஸ்பேட்டு ஆடை ஒன்று மெல்லப் படிந்து காக்கிறது என்று கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் விளக்கினார். தூணின் ஆடை உருவாகப் பல ஆண்டுகள் பிடித்தன. நாம் இனிப் பேசப்போகும் உலோகத்தின் ஆடை ஒரு நொடிக்குள் உருவாகிறது.

1912, 1913ஆம் ஆண்டுகளில் ஜெர்மனியிலும் ஷெஃபீல்டிலும் குரோமியம் கலந்த துருவேறா எஃகு தோன்றியது. அமெரிக்கரான எல்வுட் ஹேன்ஸ் கோபால்ட்டையும் குரோமியத்தையும் கலந்து வார்த்தார். 1930களின் தொடக்கத்தில் அக்கலவையின் வழித்தோன்றலாகிய ‘வைட்டாலியம்’ பல் கட்டும் சட்டங்களுக்குப் பயன்படலாயிற்று. 1937இல் டெக்சாஸ் மாநிலத்து வெனபிளும் ஸ்டக்கும், எலும்பில் பதித்த உலோகங்களைச் சுற்றி நேரும் கேட்டுக்கு மின்பகுப்பே காரணம் என்று விலங்குகளின் எலும்பிற் சோதித்து அறிவித்தனர்; அவர்கள் பார்த்தவற்றுள் வைட்டாலியமே அமைதியாக இருந்தது. அதை வைத்தே பாஸ்டன் நகரத்து ஸ்ட்ராக் சகோதரர்கள் அப்பத்தாண்டின் இறுதியில் திருகாணி வடிவில் தாடையிற் பல் நாட்டினர்.

இப்போது டைட்டானியத்துக்கு வருவோம்.

1791இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வில்லியம் கிரிகர் என்ற பாதிரியார் ஓடைக்கரையில் கிடந்த கரிய மணலை ஆராய்ந்து, அதில் புதிய உலோகம் ஒன்றின் கூட்டுப்பொருள் இருக்கக் கண்டார். 1795இல் பெர்லினில் கிளாப்ரோத், அதே தனிமத்தை வேறொரு கனிமத்திற் கண்டு, கிரேக்கப் புராணத்து டைட்டன்களின் பெயரை அதற்கு இட்டார். பெயர் கிடைத்ததேயன்றி உலோகம் கிடைக்கவில்லை. பிராணவாயுவோடு அது கொண்ட பிணைப்பு அத்தகையது. 1910இல் மாத்யூ ஹண்டர் என்னும் அமெரிக்கர், டைட்டானியம் டெட்ராகுளோரைடைச் சோடியத்தோடு இரும்புக் கலத்தில் சூடாக்கித் தூய உலோகத்தைச் சிறிதளவு பெற்றார். அதைப் பெருமளவிற் செய்ய வழி கண்டவர் லக்ஸம்பர்க் நாட்டு வில்ஹெல்ம் குரோல். தம் வீட்டில் அமைத்த சோதனைச்சாலையில், சோடியத்துக்குப் பதில் மக்னீசியத்தைக் கொண்டு அவர் இதைச் சாதித்தார். 1938இல் தம் உலோகத்தின் மாதிரிகளோடு அமெரிக்கக் கம்பெனிகளின் படிகளில் ஏறி இறங்கினார், வாங்குவார் இல்லை. 1940இல் போருக்கு அஞ்சி அந்நாட்டுக்கே குடிபெயர்ந்தார். அவர் முறையைப் பின்பற்றி அமெரிக்காவில் வாணிக உற்பத்தி 1948இல் தொடங்கியது. முதலில் தேடி வந்தவை ஆகாய விமானங்கள்.

அந்தக் கரிய மணலின் கதையில் நமக்கும் பங்குண்டு. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய இரசாயன நிபுணர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றுப் பொருள்களில் ஒட்டியிருந்த மணலைக் கண்டு, அதன் பிறப்பிடத்தைத் தேடி மணவாளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தார். அவருக்கு வேண்டியது மோனசைட்டு. காஸ் விளக்கின் வலைக்கு அதிலிருந்து தோரியம் எடுக்கலாம். அதோடு கூடவே வந்த இல்மனைட்டு என்னும் கரிய மணல் அக்காலத்தில் வேண்டாப் பொருள். டைட்டானியம் டை ஆக்ஸைடைக் கொண்டு வெள்ளை வர்ணம் செய்யக் கற்ற பிறகே, 1920களில், அந்த மணலுக்கு மதிப்பு ஏற்பட்டது. மணவாளக்குறிச்சி 1956 நவம்பர் 1ஆம் தேதி குமரி மாவட்டத்தோடு சென்னை மாநிலத்தில் இணைந்தது. வடக்கே கொல்லத்துக்கு அருகில் சவறாவில் அதே கடற்கரையின் மணல் இருக்கிறது. அங்கே 2011இல் ஆண்டுக்கு 500 டன் டைட்டானியப் பஞ்சு உலோகம் தயாரிக்கும் ஆலை திறக்கப்பட்டது. விண்வெளித் துறையின் உதவியும் ஹைதராபாத்திலுள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகத்தின் செய்முறையும் சேர்ந்து உருவான ஆலை அது. நாம் பல் துலக்கும் பசைகள் பலவற்றுக்கு வெண்மை தருவதும் அந்த வெள்ளை ஆக்ஸைடே.

டைட்டானியத்தைக் காக்கும் ஆடையும் வேறன்று. அதே டை ஆக்ஸைடுதான். இயல்பில் டைட்டானியம் பொன்னைப் போன்ற சாது உலோகமே அன்று. மின்வேதி வரிசையில் இரும்பையும் துத்தநாகத்தையும்விடத் துடிப்பானது. ஆடையின்றி நீரில் இட்டால் நீரோடு வினை புரிய விரைந்தோடும். அந்தத் துடிப்பே அதன் பாதுகாப்பு. காற்றோ நீரோ பட்ட கணத்தில் பிராணவாயுவைப் பற்றிக்கொண்டு, சில நானோமீட்டர் கனமுள்ள ஆக்ஸைடு ஆடையை மேனி முழுதும் போர்த்துக்கொள்கிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறு செய்தால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். அத்தகைய கூறு மூன்று முதல் பத்து வரை இருந்தாலே போதும். கடித்தலில் ஆடை கிழிந்தால் மறு கணமே புதிதாய் நெய்யப்படுகிறது. எஃகின் ஆடையைக் குளோரைடு துளைத்துக் குழி பறிக்கும். உமிழ்நீரின் குளோரைடும் வெப்பமும் டைட்டானியத்தின் ஆடையை அவ்வாறு துளைக்கமாட்டா. உடலில் வைத்தபின் சுண்ணமும் பாஸ்பேட்டும் அந்த ஆடையோடு கலந்து எலும்புக்கு அதை மேலும் இணக்கமாக்குகின்றன.

எலும்புக்கும் இவ்வுலோகத்துக்கும் உள்ள நேசம் ஒருவர் ஒரே நாளிற் கண்டதன்று. 1940இல் போத், பீட்டன், டேவன்போர்ட் என்ற மூவர் விலங்குகளின் எலும்பிற் பதித்துப் பார்த்து, எலும்பு இதனோடு ஒன்றிவிட முயல்கிறது என்று எழுதினர். 1951இல் லெவந்தால் என்ற அமெரிக்க மருத்துவர் எலிகளின் தொடையெலும்பில் டைட்டானியத் திருகாணிகளை முடுக்கினார். ஆறு வாரத்தில் சற்று இறுகின. பன்னிரண்டு வாரத்தில் கழற்றக் கடினமாயின. பதினாறாம் வாரத்தில் ஒன்றைக் கழற்ற முயன்றபோது திருகாணி அசையாமல் எலும்பு முறிந்தது. இந்தக் குறிப்பு அச்சேறியும் பல் மருத்துவ உலகம் பல ஆண்டுகள் அதைக் கண்டுகொள்ளவில்லை. எனக்கு இவ்வரலாற்றில் மிகுந்த வியப்பளிப்பது இதுவே: விடை வெளிவந்துவிட்டது; கேள்வி கேட்போர் இல்லை.

கேள்வி ஸ்வீடனிலிருந்து வந்தது. 1952இல் லுண்டு நகரில் பெர்-இங்வார் பிரோனமார்க் என்ற இளம் மருத்துவர், எலும்பு மஜ்ஜையில் இரத்தம் எவ்வாறு ஓடுகிறது என்று காண விரும்பி, நுண்பெருக்கியோடு கூடிய சிறு டைட்டானியக் குழலை முயலின் காலெலும்பிற் பதித்தார். ஆராய்ச்சி முடிந்தபின் விலையுயர்ந்த அக்குழலைத் திரும்ப எடுக்க முயன்றார், எலும்பு விடவில்லை. அவர் பல் மருத்துவர் அல்லர், உடற்கூற்று ஆராய்ச்சியாளர். ஆயினும் பற்களற்றவர்களுக்கு இது உதவும் என்று கண்டு, 1965இல் கோத்தன்பர்க் நகரில், பிறவியிலேயே தாடை குறைபட்டிருந்த ஒருவருக்குக் கீழ்த்தாடையில் நான்கு டைட்டானியத் திருகாணிகளைப் பதித்தார். அம்மனிதர் 2006இல் இறக்கும்வரை அவை அங்கேயே நின்று வேலை செய்தன.

அந்த இடைக்காலத்தில் பிரோனமார்க் பட்ட ஏளனம் கொஞ்சம் அன்று. உயிருள்ள எலும்பும் உயிரற்ற உலோகமும் இடையே ஒரு சவ்வுமின்றி ஒன்றுவது நடவாத காரியம் என்று ஸ்வீடனின் பல் மருத்துவப் பேராசிரியர்கள் பலர் சாதித்தனர். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அதுவரை நாட்டிய உலோகப் பற்கள் பெரும்பாலும் சவ்வு சூழ்ந்து, தளர்ந்து, சீழ் வைத்து விழுந்ததையே அவர்கள் கண்டிருந்தனர். பத்தாண்டு அனுபவத்தை 1977இல் அவர் தொகுத்து வெளியிட்டார். ஸ்விட்சர்லாந்தில் ஷ்ரோடர் என்பவரும் ஏறத்தாழ அதே காலத்தில் அதே முடிவுக்கு வந்தார். 1982இல் டொரான்டோவில் கூடிய மாநாட்டில் வட அமெரிக்கப் பல் மருத்துவ உலகம் இம்முறையை ஏற்றது. பிரோனமார்க் 2014 டிசம்பரில் 85ஆவது வயதிற் காலமானார்.

எலும்புக்குள் வேலை செய்வது தூய டைட்டானியம். எலும்புக்கு மேலே கிரீடமும் பாலமும் செய்யும் பணியில் கதை வேறு வழியிற் சென்றது. அதை ஓட்டியது பொன்னின் விலை. ஓர் அவுன்சு 35 டாலர் என்று கட்டுண்டிருந்த பொன், 1971இல் அக்கட்டு அவிழ்ந்தபின் ஏறி, 1980 ஜனவரியில் 850 டாலரைத் தொட்டது. பல் தொழிற்கூடங்கள் நிக்கல்-குரோமியக் கலவைக்குத் தாவின. அது மலிவு, உறுதியும் மிக்கது. ஆனால் அதன் ஆடை டைட்டானியத்தினுடையதைப் போல வலுவானதன்று. குரோமியம் குறைந்த கலவைகளிலிருந்து நிக்கல் உமிழ்நீரில் கசிந்தது. நிக்கல் ஒவ்வாதவர்களுக்கு ஈறு சிவந்து புண்ணாயிற்று. சில கலவைகளில் வார்ப்பு எளிதாகவேண்டும் என்று பெரிலியம் சேர்த்தனர்; அதன் தூசும் ஆவியும் தொழிற்கூடத்தில் அராவி வேலை செய்தவர்களின் நுரையீரலுக்கு ஆபத்தாயின. மலிவு என்பதன் விலையை யாரோ ஒருவர் கொடுத்தே தீரவேண்டியிருந்தது.

அந்த இடத்தையும் டைட்டானியம் பிடிக்க முயன்றது. தடையாய் நின்றது அதன் உருகுநிலை: 1,668 டிகிரி செல்சியஸ். உருகிய டைட்டானியம் தான் தொடும் அச்சிலிருந்தே பிராணவாயுவைப் பறித்துக்கொள்ளும். வார்த்த பொருளின் மேல் கடினமான, எளிதில் நொறுங்கும் ஒரு மேலோடு படியும். ஆர்கான் வாயுவின் காவலில் வார்க்கும் கருவிகளை ஜப்பானியர் 1980களில் முனைந்து வளர்த்தனர். பின்னர் கணிப்பொறியின் துணையால் கட்டியைக் கடைந்தெடுக்கும் முறையும், லேசர் ஒளியால் தூளை அடுக்கடுக்காய் உருக்கிச் சேர்க்கும் முறையும் வந்து, அச்சின் தொல்லையைப் பெரும்பாலும் ஒழித்தன.

தூய உலோகம் மென்மையானதாகையால், விமானத்துறைக்காக 1950களில் உருவான கலவை ஒன்று வாய்க்கும் வந்தது. நூற்றில் ஆறு பங்கு அலுமினியமும் நான்கு பங்கு வனேடியமும் கொண்டது அது. விமானத்துக்கு நல்லது உடலுக்கும் நல்லதாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வனேடியம் உயிரணுக்களுக்குத் தீங்கு செய்யக்கூடியது என்ற ஐயம் எழவே, அதற்குப் பதில் ஏழு பங்கு நயோபியம் சேர்த்த கலவை ஒன்று சுல்சர் கம்பெனியில் உருவாயிற்று. அந்தக் கம்பெனியின் ஊரும் விண்டர்டூர். நாவிற் காரீயமும் வெள்ளியும் வைத்துப் பார்த்த சுல்சர் பிறந்த அதே ஊர். வரலாறு சில சமயம் இப்படிக் கண் சிமிட்டும்.

நிக்கலும் டைட்டானியமும் சரிபாதியாகச் சேர்ந்த மற்றொரு கலவை அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் வில்லியம் ப்யூலர் கண்டது. வளைத்துச் சூடாக்கினால் பழைய உருவத்துக்குத் திரும்பும் அதன் விந்தைக் குணத்தை, 1970களின் தொடக்கத்தில் அயோவா பல்கலைக்கழகத்து ஜார்ஜ் ஆண்ட்ரியாசன் கோணற்பல் திருத்தும் கம்பிக்குப் பயன்படுத்தினார். நம் பிள்ளைகளின் பற்களில் இன்று மாட்டப்படும் கம்பிகளுட் பல அந்த வழி வந்தவை. பாதி நிக்கலாயினும் மேலாடை பெரும்பாலும் டைட்டானிய ஆக்ஸைடே. ஆதலால் ஆடை குறையின்றி அமைந்தவரையில் நிக்கல் மிகச் சிறிதே வெளிவருகிறது.

இனி, இந்த வீரனின் உயிர்நிலையைச் சொல்லவேண்டும். குளோரைடுக்கு அஞ்சாத டைட்டானியம் ஃப்ளூவோரைடுக்கு அஞ்சுகிறது. அதுவும் அமிலத்தோடு சேர்ந்த ஃப்ளூவோரைடுக்கு. அமிலம் கூடும்போது ஃப்ளூவோரைடு, ஹைட்ரோஃப்ளூவோரிக் அமிலமாக மாறுகிறது. அவ்வமிலம் பத்து இலட்சத்தில் 30 பங்குக்கு மேற்பட்டால் டைட்டானியத்தின் ஆடை கரைந்து போகிறது என்று நாககாவா என்பவரும் அவர் துணைவரும் ஜப்பானிலிருந்து 1999இல் அறிவித்தனர். பல்லேடியம் மிகச் சிறிது சேர்த்த டைட்டானியம் அதைத் தாங்குகிறது என்பதும் அவர்கள் பின்னர்க் கண்டது.

இதைக் கேட்டு எவரும் பல் துலக்கும் பசையை எறிந்துவிட வேண்டா. பசையில் ஃப்ளூவோரைடு பத்து இலட்சத்தில் 1,000 முதல் 1,500 பங்கு இருப்பினும், அமிலத்தன்மை இல்லாத பசையில் அது தீங்கற்ற அயனியாகவே இருக்கிறது. இரண்டு நிமிடத்தில் உமிழ்நீரும் கொப்பளித்த நீரும் அதைக் கழுவிவிடும். பல் மருத்துவ நிலையங்களிற் பூசும் அமிலக் கூழ் வேறு வகை. அதில் 12,300 பங்கு ஃப்ளூவோரைடு உண்டு; அமிலமும் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டது. டைட்டானியப் பல் நாட்டியவரோ கம்பி மாட்டியவரோ அக்கூழைப் பூசிக்கொள்ளுமுன் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுவது நல்லது. அமிலமற்ற கூழும் கிடைக்கிறது.

ராஜஸ்தானத்திலும் தெலங்கானத்திலும் குடியேறிய நேயர்கள், ஃப்ளூவோரைடு மிகுந்த கிணற்று நீர் என்ன செய்யும் என்று கேட்கலாம். அந்த நீரால் எலும்பும் பல்லும் கெடுவதை இந்தியாவில் முதலில் விரிவாக எழுதியது 1937இல். ஷார்ட்டும் அவர் உடனுழைத்தோரும் ஆராய்ந்த இடம் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டம். கிணற்று நீர் அமிலமன்று. அதன் ஃப்ளூவோரைடு லிட்டருக்குச் சில மில்லிகிராம்களே. டைட்டானியத்துக்கு அது ஒரு பொருட்டன்று. உலோகம் கவலையின்றி நிற்கும் அதே நீரில் குழந்தையின் முளைக்கும் பல் பழுப்பேறுகிறது; கிழவரின் முதுகு வளைகிறது. நீரைச் சுத்தி செய்யவேண்டியது பல்லின் பொருட்டே.

இரண்டு உலோகச் சண்டையும் முற்றும் ஓயவில்லை. டைட்டானியத் திருகாணியின் மேல் தரம் குறைந்த நிக்கல்-குரோமியக் கிரீடத்தை அமர்த்தினால், ஈரத்தில் இரண்டும் மின்கலமாகின்றன. பெரும்பாலும் கிரீடமே கரைகிறது. கிரீடம் எந்த உலோகத்தால் ஆனது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே இல்லை. நகைக்கடையில் மாற்றும் எடையும் கேட்காமல் ஒரு மோதிரம் வாங்குவோமா?

இன்று ஆராய்ச்சியாளர்களிடையே நடக்கும் விவாதம் நுண்துகள்களைப் பற்றியது. திருகாணியும் அதன் மேற்பகுதியும் பொருந்தும் இடுக்கில், மெல்லும்போதெல்லாம் மயிரிழையினும் குறைந்த அசைவு இருக்கிறது. ஒவ்வோர் அசைவிலும் ஆடை தேய்கிறது. ஒவ்வொரு முறையும் புதிய ஆடைக்காகச் சிறிது உலோகம் செலவாகிறது. பதித்த பல்லைச் சுற்றி ஈறும் எலும்பும் அழற்சியுற்ற சிலரிடம், அத்திசுக்களில் டைட்டானியத் துகள்களைக் கண்டிருக்கிறார்கள். துகள்களால் அழற்சி வந்ததா, அழற்சியின் அமிலத்தாலும் அதைச் சுத்தம் செய்யச் சுரண்டிய கருவியாலும் துகள்கள் உதிர்ந்தனவா? 2017இல் சிகாகோவிற் கூடிய உலகப் பல்லீற்று மருத்துவ வல்லுநர் குழு, துகள்களின் பங்கை முடிவு செய்யப் போதிய சான்று இல்லை என்று அறிவித்தது. அழுக்குப் படலமும் அதில் வாழும் கிருமிகளுமே அழற்சிக்கு முதற்காரணம் என்பதில் அக்குழுவுக்கு ஐயமில்லை. செயற்கை உமிழ்நீரில் டைட்டானியத் தகட்டை மூழ்கவைத்து, மேலே ஒரு குண்டைத் தேய்த்து, ஆடை கிழியும்போது தாழ்ந்து அது மூடும்போது உயரும் மின்னழுத்தத்தைப் பல ஆய்வகங்கள் இன்றும் கணக்கிட்டுக்கொண்டிருக்கின்றன.